குடவாசல் சாலை ஒயரிங் பட்டறை: என் சான் ஸ்டார்ம் காரின் ஃபேன் சரியான கதை

நாச்சியார்கோவிலிலிருந்து குடவாசல் போகும் சாலையில், திருச்சேறை தாண்டியதும் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் எந்நேரமும் இரண்டு டிராக்டர் நிற்கும். அறுவடைக் காலமென்றால் கதிர் அறுக்கும் மிஷினும் சேர்ந்து நிற்கும். உள்ளே கூரைச் சட்டத்தில் பழைய ஆர்மேச்சர்களைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒயரிங் பட்டறை எங்கே என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் கை காட்டிவிடுவார்கள். என் காரை மூன்று மாதம் படுத்திய கோளாறை அந்தப் பட்டறைக்காரர் இரண்டரை நாளில் கண்டுபிடித்துச் சரி செய்து கொடுத்தார். பழைய கார் வைத்துக்கொண்டு ஹீட் பிரச்சினையால் தவிக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது சான் ஸ்டார்ம். கோவாவில் தயாரான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். மடக்குகிற துணிக்கூரை, ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் எஞ்சின். அடியில் எஃகுச் சட்டம், மேலே தெரிகிற உடம்பு முழுக்க ஃபைபர். இந்த ஃபைபர் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். புதுச்சேரியில் ஒருவரிடம் 2017இல் வாங்கினேன். குத்துவிளக்குக் கடை வைத்திருக்கிறவளுக்கு எதற்கு இந்த வண்டி என்று வீட்டில் கேட்டார்கள். விடிகாலையில் கூரையை மடக்கிவிட்டு அரசலாற்றுக் கரையோரம் ஒருமுறை கூட்டிப் போனேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

என் வண்டியில் ஃபேன் இரண்டு. ரேடியேட்டருக்குப் பின்னால் எஞ்சின் பக்கம் ஒன்று. முன்னால், ஏசியின் சூட்டை வெளியேற்றுகிற கண்டென்சரை ஒட்டி, எனக்கு முந்தைய ஓனர் தனியாகப் போட்ட இன்னொன்று. பின்னால் இருப்பது காற்றை உள்ளே இழுக்க வேண்டும், முன்னால் இருப்பது உள்ளே தள்ள வேண்டும். இரண்டும் ஒரே திசைக்கு வேலை செய்தால்தான் ரேடியேட்டர் குளிரும்.

கோளாறு தை மாதம் ஆரம்பித்தது. சாலையில் ஐம்பது, அறுபதில் போகும்போது ஹீட் முள் பாதியில் அசையாமல் நிற்கும். கும்பகோணத்துக்குள் நுழைந்து மகாமகக் குளத்துப் பக்கம் நெரிசலில் மாட்டினால் முள் மெதுவாக மேலே நகர ஆரம்பிக்கும். வேறோர் ஊரில், கொஞ்சம் பெரிய ஒர்க் ஷாப்பில் காட்டினேன். தெர்மோஸ்டாட் வால்வு போயிருக்கும் என்று மாற்றினார்கள். சரியாகவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி வாட்டர் பம்பை மாற்றினார்கள். அப்புறம் ரேடியேட்டர் மூடி. சரியாவதற்குப் பதிலாக, இப்போது ஏசி போட்டால் முள் இன்னும் வேகமாக ஏறியது. மூன்று தடவையும் சேர்த்து 18,400 ரூபாய் ஆயிற்று. கடைசியில், ஹெட் கேஸ்கட்டாக இருக்கும், எஞ்சினை இறக்கிப் பார்த்துவிடலாம் என்றார்கள். "ஃபேன் சரியா ஓடுதா?" என்று கேட்டேன். "சுத்துதே மேடம்" என்று காட்டினார்கள். சுற்றத்தான் செய்தது.

பங்குனியில் எங்கள் நாச்சியார்கோவில் பெருமாள் கோவிலின் கல் கருட சேவை அன்று வண்டி ஒரேயடியாகக் கை விரித்துவிட்டது. கும்பகோணத்திலிருந்து திரும்பி வந்தவள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். கருடனைத் தூக்கி வருகிற வரிசை தெருவுக்கு வந்துகொண்டிருந்தது, எனக்கு முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. முள் சிவப்பைத் தொட்டது. எஞ்சினை அணைக்கும்போதே பானெட் இடுக்கில் ஆவி வந்துவிட்டது, கூலண்ட் பொங்கித் தரையில் ஓடியது. அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் நல்ல எண்ணத்தில் சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். மூடியைத் திறக்கவேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். அது குக்கர் மாதிரி. உள்ளே அழுத்தத்தோடு இருக்கிற தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு தள்ளிக்கொண்டு வந்து கடை ஓரம் நிறுத்தினோம்.

கதிர் அறுக்கும் மிஷின் வாடகைக்கு விடுகிற ஒருவர், மகள் கல்யாணத்துக்கு விளக்கு வாங்க வந்தவர், காரைப் பார்த்துவிட்டு இந்தப் பட்டறையைச் சொன்னார். "அறுப்பு மிஷின் ரேடியேட்டர் பூரா வைக்கோல் தூசிதான். ஹீட் விஷயம் அந்த ஆளுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது" என்றார். சம்பா அறுவடை முடிந்து பட்டறையில் கூட்டம் குறைந்திருந்த சித்திரையில், காலை ஆறு மணிக்கு, சூடு ஏறுவதற்குள் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

பட்டறைக்கார அண்ணனுக்கு வயது அறுபதைத் தொட்டிருக்கும். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பானெட்டைத் தட்டிப் பார்த்து, "ஃபைபரா?" என்றார். பிறகு கேட்ட முதல் கேள்வி: "ஓடும்போது ஏறுதா தங்கச்சி, நிக்கும்போது ஏறுதா?"

நிற்கும்போது என்றேன். "அப்ப பம்பும் வால்வும் இருக்கட்டும், மொதல்ல காத்தைப் பாப்போம்" என்றார். மூன்று மாதத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. வண்டி வேகமாகப் போகும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும், ஃபேனுக்கு வேலை கிடையாது. நிற்கும்போது ஃபேன்தான் காற்று. பம்போ வால்வோ கெட்டிருந்தால் ஓடும்போதும் முள் ஏறியிருக்க வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவ்வப்போது மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் சூடு, கீழே கொஞ்சம் குறைவு. தண்ணீர் சுற்றி வருகிறது என்று அர்த்தம். முள் முக்கால் அளவைத் தாண்டிய பிறகுதான் பின் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. சோம்பலாகச் சுற்றியது, இறக்கையை எண்ணிவிடலாம் போல.

எஞ்சினை அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் அடிப் பக்கம் இருக்கிற, சூடு ஏறியதும் ஃபேனைப் போடுகிற தெர்மோ சுவிட்சின் பிளக்கைக் கழற்றினார். இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே 'டக்' என்றது, ஃபேன் சுற்றியது, அதே சோம்பல். சுவிட்ச் கெட்டிருக்கலாம், ஆனால் அது மட்டும் கெட்டிருந்தால் இப்போது ஃபேன் முழு வேகத்தில் சுற்றியிருக்க வேண்டும். அடுத்து ஃபேனின் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியிலிருந்து இரண்டு தடித்த ஒயரில் நேராகக் கரண்ட் கொடுத்தார். ஃபேன் சீறியது. என் புடவைத் தலைப்பு பறந்தது. இந்தக் காரின் ஃபேனுக்கு இப்படி ஒரு சத்தம் உண்டு என்றே எனக்கு அதுவரை தெரியாது.

"மோட்டார் உசிரோட இருக்கு. வழியிலதான் திருட்டு" என்று சொல்லி மல்டிமீட்டரை எடுத்தார். இந்த இடத்தை மட்டும் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கலாம். எஞ்சின் ஓட, ஃபேனும் ஓட, பேட்டரியில் அளந்தால் 13.8 வோல்ட். ஃபேன் பிளக்கில் அளந்தால் 9.1. நடுவே 4.7 வோல்ட் காணோம். அது எந்தப் பக்கம் போனது என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறு முனையை ஃபேனின் பிளஸ் ஒயரிலும் வைத்தார், 0.9. அப்புறம் பேட்டரி மைனஸுக்கும் ஃபேனின் மைனஸ் ஒயருக்கும் நடுவே, 3.8. அரை வோல்ட்டுக்குள் இருக்கவேண்டியது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் இது தெரியும். ஓடாதபோது பிளக்கில் அளந்தால் முழு வோல்ட்டேஜும் காட்டி ஏமாற்றிவிடும். டெஸ்ட் லேம்ப் கூட நன்றாக எரியும், சின்ன பல்புக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும்?

எனக்கு விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்கும். பட்டறைக்குப் பின்னால் இருக்கிற வயலைக் காட்டினார். "வாய்க்கால்ல தண்ணி வந்தா மட்டும் போதுமா? வடிகால் தூர்ந்து போச்சுன்னா என்ன ஆவும்? எர்த்துதான் வடிகால்."

அந்த எர்த்து ஒயரை, அதாவது ஃபேனின் மைனஸ் ஒயரை, பிடித்துக்கொண்டே போனார். அது ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பட்டையில் போல்ட் போட்டு முடிந்திருந்தது. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பட்டை பிடித்திருந்தது ஃபைபரில். சாதாரணக் காரில் தகர உடம்பில் எங்கே போல்ட் போட்டாலும் அது எர்த்துதான். ஃபைபரில் கரண்ட் போகாது. அதே போல்ட்டில் ஹெட்லைட்டின் நூல் மாதிரி ஒயர் ஒன்று சேர்ந்திருந்ததால், ஃபேனின் கரண்ட் முழுவதும் அந்த ஒயர் வழியாகத் திணறித் திணறி வெளியேறிக்கொண்டிருந்தது. முன் ஃபேன் போட்டபோது யாரோ தகரக் காரை நினைத்துக்கொண்டு செய்த வேலை. எத்தனை வருஷமாக அப்படி இருந்ததோ, இப்போதுதான் முழுதாகத் தூர்ந்திருக்கிறது.

தூர்ந்ததற்குக் காரணம், போல்ட்டைக் கழற்றியதும் கையில் வந்தது. ஒயர் முனையில் போல்ட்டுக்காக மாட்டியிருந்த லக்கைச் சுரண்டி என்னிடம் நீட்டினார். பச்சை. நான் பார்த்ததுமே சொன்னேன், களிம்பு என்று. பித்தளையும் செம்பும் புழங்குகிற வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? ஒயரின் ரப்பரை ஒரு சாண் நீளம் உரித்துக் காட்டினார். உள்ளே செம்பு இழைகள் கறுத்து, லக்குக்குப் பக்கத்தில் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. விரலில் ஒட்டியது. மழைக்காலத்தில் விளக்கைத் துடைக்காமல் விட்டால் தண்டின் மரைக்குள் இதே பச்சைதான் பூக்கும், அப்போது தண்டைக் கழற்றவும் முடியாது, மாட்டவும் முடியாது. மாதத்தில் இரண்டு தடவையாவது பூம்புகார், தரங்கம்பாடி என்று கடலோரம் போய் வருகிறேன். உப்புக் காற்று விளக்கை மட்டும்தான் தின்னும் என்று நினைத்திருந்தேன். விளக்கென்றால் புளி போட்டுத் தேய்க்கலாம், ஒயருக்கு அது ஆகாது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் போடவேண்டும்.

அன்று மதியம் முன் ஃபேனுக்கு வந்தார். பின் ஃபேனின் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஏசியை மட்டும் போடச் சொன்னார். பழைய தினசரித் தாளில் உள்ளங்கை அளவு கிழித்து முன்பக்க வலைக்கு எதிரே பிடித்தார். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் அவர் கையை விட்டுப் பறந்து என் காலடியில் விழுந்தது. மறுபடியும் ஒரு துண்டு. அதுவும் பறந்தது. முன் ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ரேடியேட்டரைக் கழற்றி மாட்டியபோது அந்த ஒர்க் ஷாப்பில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். இந்த வகை மோட்டாரில் ஒயரை மாற்றிக் கொடுத்தால் எரியாது, நிற்காது, எதிர்த் திசையில் நிம்மதியாகச் சுற்றும். பின் ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, முன் ஃபேன் அதையே வெளியே இழுக்க, நடுவில் ரேடியேட்டர் காய்ந்திருக்கிறது. ஏசி போட்டால் முள் ஏன் பறந்தது என்று அப்போது புரிந்தது. அந்த ஒர்க் ஷாப்பில் மாற்றிய மூன்று சாமான்களும் நல்ல சாமான்கள்தான், ஆனால் ஒன்றும் தேவைப்பட்டதில்லை. கெட்டிராத ஃபேன் ஒன்று அங்கே போய்த்தான் கெட்டது. இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஒயரை மாற்றிச் சொருகியதை மன்னிக்கலாம், யாருக்கும் கை தவறும். சோதிக்காமலே எஞ்சினை இறக்கலாம் என்று சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தெர்மோ சுவிட்சையும் விடவில்லை. பேட்டரி மைனஸைக் கழற்றிய பிறகுதான் உள்ளே கையை விட்டார். எஞ்சின் அணைந்திருந்தாலும் சூட்டில் ஃபேன் திடீரென்று சுற்றி விரலை வெட்டிவிடும், ஆகவே இதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அடியில் பேசின் வைத்துக் கூலண்டைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைக் கழற்றினார். அதன் அறுகோணத் தலையில் 92-82 என்று எழுதியிருந்தது. 92 டிகிரியில் ஃபேனைப் போட்டு 82க்கு இறங்கியதும் நிறுத்த வேண்டும் என்று பொருள். டீ போடுகிற பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பில் ஏற்றி, சுவிட்சைக் கம்பியில் கட்டி முனை மட்டும் முங்குகிற மாதிரி தொங்கவிட்டார். பக்கத்தில் ஒரு கண்ணாடி வெப்பமானி, மீட்டரின் முனைகள் சுவிட்சின் இரண்டு காலிலும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் மீட்டர் 'பீப்' என்று சொல்லவில்லை. காரில் அழுத்தத்தால் நூறைத் தாண்டிய பிறகுதான் அது கண் விழித்திருக்கிறது. அதே மரை, அதே 92-82 எழுத்துள்ள சுவிட்சைக் கும்பகோணத்தில் நானே போய் வாங்கி வந்தேன். அதையும் அதே பாத்திரத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் மாட்டினார். 92இல் பீப் சத்தம் வந்தது. அடுப்பை அணைத்து ஆறவிட்டதும் 83இல் நின்றது. புதுச் சாமானைச் சோதித்துப் பார்க்கிற மெக்கானிக்கை நான் இதுவரை பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின் ஃபேன் மோட்டாரைப் பிரித்தார். கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டைவிரல் நகத்தில் பாதி கூட இல்லை. புதுசு போட்டு, ஆர்மேச்சரில் பிரஷ் உரசுகிற செம்பு வளையத்தை மெல்லிய உப்புத் தாளால் துடைத்து, புஷ்ஷில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினார். இரண்டு ஃபேனுக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ப்யூஸ். பழைய ரிலேயைப் பிரித்துக் காட்டினார், உள்ளே பாயிண்ட் கருகிக் குழி விழுந்திருந்தது. பிளஸ் பக்கம் காணாமல் போன 0.9 அங்கேதான். எர்த்துக்குத் தடித்த ஒயரை ஃபேனிலிருந்து நேரே பேட்டரி மைனஸுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அடிச்சட்டத்தின் பெயிண்டைச் சுரண்டி இன்னொரு முனையும் கொடுத்தார். லக்கை அழுத்திப் பிடித்து, ஈயம் பாய்ச்சி, மேலே சூட்டில் சுருங்குகிற ஸ்லீவ் போட்டு, போல்ட் தலையில் கிரீஸ் தடவினார்.

கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கைவிட்டபோது வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு முறம் வைக்கோல் தூசி. தை, மாசியில் நம் பக்கத்துச் சாலைகளில் வைக்கோலைப் பரப்பிக் காய வைப்பார்கள், வண்டி எல்லாம் அதன் மேல்தான் போகும். என் கார் தரையோடு தரையாகப் போகிற கார், பதரையும் தூசியையும் எல்லாம் மூச்சில் இழுத்திருக்கிறது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி, மெதுவான தண்ணீரில் கழுவினார். பிரஷர் வாட்டரில் அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டு இறகுகள் மடங்கிக் காற்று அடைபடும். அறுவடை முடிந்ததும் வருஷம் ஒருமுறை இதைச் செய்யச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை கூலண்டை ஊற்றி, மூடியைத் திறந்தபடியே ஓடவிட்டு, குமிழி வருவது நிற்கும் வரை காற்றை எடுத்தார். அப்புறம் சித்திரை வெயிலில், ஏசி போட்டு, நின்ற இடத்திலேயே நாற்பது நிமிடம் ஓடவிட்டோம். முள் பாதியைக் கொஞ்சம் தாண்டும், ரிலே 'டக்', ஃபேன் சீறும், முள் இறங்கும், நிற்கும். ஓடும்போது ஃபேன் பிளக்கில் 13.3 வோல்ட். தினசரித் தாள் வலையில் ஒட்டிக்கொண்டது, நானே பிடித்துப் பார்த்தேன்.

மொத்தம் 3,150 ரூபாய். இதில் சாமான் 1,650, கூலி 1,500. சுவிட்ச்சும் கூலண்டும் நான் வாங்கித் தந்தது, அது தனி.

குறைகளையும் சொல்லவேண்டும். போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போகவேண்டும். நாள் சொன்னால் அந்த நாளில் முடியாது, எனக்கு ஒரு நாள் என்றவர் இரண்டரை நாள் எடுத்தார். குறுவை, சம்பா அறுவடைச் சமயத்தில் போகாதீர்கள், வயலில் நிற்கிற மிஷினுக்குத்தான் முதல் மரியாதை, அதுதான் நியாயமும். பில் என்று கேட்டால் சிகரெட் அட்டையில் எழுதித் தருகிறார், வாரண்டி பேச்சே இல்லை. உட்கார இடம் கிடையாது, வண்டி வெயிலில்தான் நிற்கும், துணிக்கூரை வைத்திருப்பவர்கள் உறை கொண்டுபோங்கள். ரிலே இரண்டையும் முதலில் சக்கரத் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் வைத்திருந்தார். மழையில் நனையும் அண்ணே என்றேன். ஒரு நிமிடம் பார்த்தார், மறுபேச்சு இல்லாமல் கழற்றி உயரத்தில் வைத்தார். ஏசி கேஸ் வேலை அவரிடம் கிடையாது.

அதற்குப் பிறகு வேளாங்கண்ணி வரை இரண்டு தடவை, தரங்கம்பாடிக்கு மூன்று தடவை போய் வந்துவிட்டேன். முகூர்த்த நாளில் கும்பகோணம் நெரிசலில் முக்கால் மணி நேரம் ஏசியோடு நின்றேன், முள் பாதியை விட்டு நகரவில்லை. இரண்டு ஃபேனும் சேர்ந்து சீறும்போது பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிறார். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருநாள் கொண்டு வா, எர்த்து போல்ட் எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துக் கிரீஸ் வைத்துவிடுகிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். புரட்டாசி கடைசியில் குறுவை அறுப்பு மும்முரமாக இருக்கும் என்பதால் ஆவணியிலேயே போய்விடலாம் என்றிருக்கிறேன். விடிகாலை ஆறு மணிக்கே கொட்டகை திறந்துவிடும், வெள்ளிக்கிழமை மட்டும் லீவு.